ஏழு தட்டில் ஒரு சொல்

சீட்டை விரித்ததும் அதில் இருந்த சொல்லின் நீளத்தைத்தான் முதலில் பார்த்தேன். அர்த்தம் எல்லாம் அப்புறம்.

சிவகாசியில் பயிற்சி வகுப்பு நடந்த ஹால். மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, உள்ளே மடித்துப் போட்ட சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள தலைப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்தால் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆவதற்கான சான்றிதழ். முடிக்காவிட்டால் மறுநாள் காலையில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து சரம் பின்ன வேண்டியதுதான்.

என் சீட்டில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. இன்கம்பாட்டிபிலிட்டி. இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை போயிருந்தது.

என்னையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர் பயிற்சிக்கு வந்திருந்தோம். மற்ற முப்பத்தொரு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாசிங்கம்மா" என்றார்.

நான் வாசிக்கவில்லை. தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லை எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருந்தேன். வாயால் சொல்லத்தான் முடியாது.

ப வந்தால் நின்றுவிடும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வரி: எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் திக்காது. ப-வில்தான் திக்கும். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிறகு நான் நினைத்தாலும் திறக்காது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. குடியிருக்கிற ஊரின் பெயரே இப்படி இருந்தால் என்ன செய்வது? ரொம்ப நாள் பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டியே தப்பித்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று வந்ததே, அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அது வினையாகப் போயிற்று. நீட்டுவதற்குச் சில்லறை இல்லை, எங்கே போகிறோம் என்று வாயால் சொன்னால்தான் டிக்கெட்.

அன்று முதல் முத்துமாரி இல்லாமல் நான் பஸ் ஏறுவதில்லை. முத்துமாரி அடுத்த தெரு, என்னோடு ஒரே கம்பெனியில் பதினைந்து வருடமாகச் சரம் பின்னுகிறவள். கண்டக்டர் வந்தால் அவளே "ரெண்டு புதுப்பட்டி" என்று சொல்லிவிடுவாள்.

என் வீட்டுக்காரர் பெயர் பால்பாண்டி. ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இடறும். நல்ல வேளையாக எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்து கும்பிடுவேன். பெண்ணுரிமை பேசுகிற தோழிகள் இந்த ஒரு விஷயத்தில் என்னை மன்னிக்க வேண்டும்.

தமிழ் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவேன். பணம் வராவிட்டால் துட்டு. பட்டாசு வராவிட்டால் வெடி. பசி வராவிட்டால் வயிறு காயுது. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இந்த மாற்று வேலை நடந்துகொண்டிருக்கும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ஒரு விஷயத்துக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது மாட்டினால் மாட்டியதுதான்.

மேனேஜர் சொன்னது

பழைய போர்மேன் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டபோது, எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் என் பெயரைச் சொன்னார்கள். மேனேஜர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் கம்பெனியில் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை.

"தப்பா நெனச்சுக்கிடாதம்மா. வேலையில ஒன்னைய ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா போர்மேன்னா வாய் வேணும்ல? ஒருத்தி ஒரு சாமானக் கொண்டு போயி வைக்கக்கூடாத எடத்துல வைக்கப் போறான்னு வையி. அந்த நிமிசமே வைக்காதன்னு சொல்லணும். கை தட்டுறதெல்லாம் அதுக்குப் பெறகு. மொதல்ல வாய்தான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே நின்றது. அவர் பாவம், என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, "சரிம்மா, பயிற்சிக்குப் போயிட்டு வா. அந்தச் சான்றிதழ வாங்கிட்டு வந்துட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். உண்மையைச் சொன்னதால்தான் வீட்டுக்கு வந்து அழுதேன். என் வாய் திறக்காமல் போய், அதனால் ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் கேள்வி அதற்கு முன்பே எனக்குள் இருந்தது. அவர் அதைச் சத்தமாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மூன்று தட்டு

அவர் சொன்ன கை தட்டல் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஆபத்து என்றால் யாரும் கத்துவதில்லை. கத்தினால் ஆட்கள் மிரண்டு ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். புகை நாற்றமோ, வெடிமருந்தில் ஒரு சூடோ, யாருக்கு எது தெரிந்தாலும் வாசலில் நின்று மூன்று தரம் கை தட்ட வேண்டும். கேட்டவர்கள் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தட்டியவர் ஆட்களை எண்ணிக்கொண்டு கடைசியாக வர வேண்டும்.

அதனால் கம்பெனிக்குள் வேறு எதற்கும் கை தட்ட முடியாது. ஆயுத பூஜையன்று முதலாளி பேசி முடித்தால் நாங்கள் தலையை மட்டும் ஆட்டுவோம். கொசுவைக்கூட ஒரு கையால்தான் அடிக்க வேண்டும். புதிதாக வந்த ஒரு பெண் இரண்டு கையாலும் ஒரு கொசுவை விடாமல் மூன்று தரம் அடிக்கப்போய், எட்டு ரூம் ஆட்களும் வேப்பமரத்தடியில் வந்து நின்ற கதை உண்டு.

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முத்துமாரியின் அக்கா வேறோர் இடத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு நாள் எல்லோரும் ஓடியபோது, "எதுக்கு ஓடுறீக?" என்று கேட்டுக்கொண்டு உள்ளேயே நின்றவள் அவள் ஒருத்திதான். அதற்கு மேல் முத்துமாரி சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கை தட்டலோடு எனக்கு வேறோர் உறவும் உண்டு. ஆடி மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போவோம். சாத்தூர் தாண்டி இளைப்பாறுகிற இடத்தில் கும்மி அடிப்போம். ஒரு வருடம் கும்மியின் நடுவில்தான் கவனித்தேன். பாட்டில் ப வருகிறது, நான் நிற்கவில்லை. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே காத்திருந்து பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை. தட்டு விழுகிற இடத்தில் எழுத்தும் தன்னால் விழுந்துவிடுகிறது. அன்றைக்கு மாரியம்மனிடம் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு வீட்டில் தனியாக இருக்கும்போதெல்லாம் தட்டித் தட்டிப் பேசிப் பார்ப்பேன். நன்றாகவே வரும். ஆனால் பகல் முழுவதும் நான் இருக்கிற இடத்தில் தட்டவே கூடாதே. என் வாய்க்குக் கிடைத்த ஒரே மருந்து, என் கம்பெனியில் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தது.

அர்த்தத்துக்கு ஒரு வெட்டு, வாய்க்கு ஒரு வெட்டு

பயிற்சியில் பாடம் எடுத்த மேடம் முதல் நாளே அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினார். எந்தச் சாமானை எதனோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பதுதான் பாடம். தலைப்பு யார் வாயிலும் நுழையவில்லை. மேடம் சாக்பீஸால் மூன்று கோடு இழுத்து, சொல்லை நான்காக வெட்டினார்.

"இன்னுன்னா இல்லை. கம்முன்னா சேர்ந்து. நடுவுல இருக்கிற துண்டுக்கு, பழைய லத்தீன் பாஷையில, பொறுத்துக்கறதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில பேஷண்ட்னு சொல்றோமே, அதுலயும் இதே துண்டுதான் இருக்கு. பிலிட்டின்னா முடியற தன்மை. மொத்தமாச் சேர்த்தா, ஒண்ணை ஒண்ணு பொறுத்துக்க முடியாத தன்மை."

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த முத்துமாரி என் காதில், "அப்ப இது எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும்" என்றாள்.

எனக்கு பேஷண்ட் என்ற சொல்தான் மனசில் நின்றது. மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அந்தச் சொல்லை அங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பேன். வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறவர் என்று அதற்குள் எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. சொற்களை வெட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நாள் நான் திரி வெட்டும் வேலையும் பார்த்திருக்கிறேன். எங்கே வெட்டுவது என்பது எதற்காக வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மேடம் வெட்டியது அர்த்தத்துக்கான வெட்டு. அது எனக்குப் புரிந்தது, ஆனால் என் வாய்க்கு உதவவில்லை. அன்று சாயங்காலம் என் நோட்டில் அதே சொல்லை வேறு மாதிரி வெட்டினேன். இன். கம். பாட். டி. பி. லி. டி. ஏழு துண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு உண்டு.

பிறகு நோட்டு முழுவதும் வெட்டினேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு மூன்று தட்டு. ரெஸ்பான்சிபிலிட்டிக்கு ஆறு. வெட்ட வெட்ட, வால்கள் எல்லாம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. 'ஷன்' வந்துவிட்டால் சொல் முடியப்போகிறது என்று ஒரு நிம்மதி. ஆயிரம் வெடிச் சரத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் அதை ஒவ்வொன்றாகப் பின்னியவர்கள் இல்லை. நான் பின்னியவள். நீளமான சொல்லைப் பார்த்து இத்தனை வருடம் எதற்கு மலைத்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் அடுப்படியில் நின்று தட்டிப் பழகினேன். மூன்றாவது தட்டில் வருகிற 'பாட்'தான் ஆபத்தான இடம். அதைக் கொஞ்சம் பலமாகத் தட்டினால் தாண்டிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டுக்குள்ளயே கும்மியா?" என்றார். பரீட்சை என்று சொல்ல வந்து, முடியாமல், "டெஸ்ட்டு" என்றேன்.

இவ்வளவு பழகியும், அந்தச் சொல் மட்டும் என் சீட்டில் வந்துவிடக் கூடாது என்று இருக்கன்குடி ஆத்தாளை வேண்டிக்கொண்டேன். ஆத்தா என்ன நினைத்தாளோ.

முப்பத்தொன்று

"வாசிங்கம்மா" என்றார் அதிகாரி, இரண்டாவது முறையாக.

தொடையில் யாருக்கும் தெரியாமல் விரலால் தட்டிக்கொண்டு சொல்லிவிடலாம் என்பதுதான் என் திட்டம். பயத்தில் கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. சீட்டை மேசையில் வைத்தேன். அடுப்படியில் பழகியபடி இரண்டு கையும் தானாகச் சேர்ந்துவிட்டன.

"இன்." ஒரு தட்டு. "கம்." இன்னொரு தட்டு. மூன்றாவதைப் பலமாகத் தட்டினேன். "பாட்!"

பின்னால் ஒரு நாற்காலி சரிந்தது. முத்துமாரிதான் முதலில் எழுந்தவள். அவளுக்குப் பின்னால் எங்கள் கம்பெனியிலிருந்து வந்திருந்த மற்ற நான்கு பேரும் வாசலை நோக்கிப் போனார்கள். மற்ற கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் மூன்று தட்டு தெரியாது. ஆனால் ஐந்து பேர் எழுந்து ஓடினால் எங்கள் பக்கம் வேறு காரணம் தேவையில்லை. அவர்களும் எழுந்தார்கள். சத்தம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுத் தூக்கும் போட்டது போட்டபடி கிடந்தன.

ஐயோ, இது அந்தத் தட்டு இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பதினைந்து வருடப் பழக்கம். தட்டியவள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தேன். வாசலைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

உள்ளே திரும்பினால் மேசைக்குப் பின்னால் அதிகாரி பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா நடக்குது? எதுக்கு எல்லாரும் ஓடுறாங்க?"

அந்த 'எதுக்கு' என் காதில் விழுந்ததும் நான் மேசைக்கு ஓடினேன்.

"போங்க சார்! வெளிய போங்க! மொதல்ல எந்திரிச்சுப் போங்க, பெறகு கேக்கலாம்!"

அவர் எழுந்தார். பேனாவை மேசையிலேயே போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். நான் ஒரு தடவை ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்தேன்.

பைக் நிறுத்துகிற இடத்தில், வெயிலில், எல்லோரும் நின்றிருந்தார்கள். முத்துமாரி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "என்னடி, என்ன தெரிஞ்சுச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒண்ணும் தெரியலடி. நான் வார்த்தைக்குத் தட்டுனேன்."

"வார்த்தைக்கா?" என்றார் அதிகாரி. பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

முப்பத்தொரு பேர் முன்னால் நின்றேன். என் திக்குவாயை மறைப்பதற்கு நான் செய்யாத தந்திரம் இல்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், எங்கேயும் அதை நானாக ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

"எனக்குத் திக்கும், சார். தட்டினாத்தான் நீளமான வார்த்தை வரும். எங்க வேலை எடத்துல மூணு தட்டு தட்டினா எல்லாரும் வெளிய வந்துரணும். அது தெரிஞ்சும் தட்டிட்டேன். குத்தந்தான்."

அவர் காலியாகக் கிடந்த ஹாலைப் பார்த்தார். வெயிலில் நின்றவர்களைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தையில இன்னும் எத்தனை தட்டு பாக்கி இருக்கு?"

"நாலு, சார்."

"தட்டுங்க. இனிமே ஓடறதுக்கு யாரும் உள்ள இல்லை."

"யாரும் ஓடாதீக!" என்று முத்துமாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இது படிப்புக்குத் தட்டுறா!"

சிரிப்பு அடங்கியதும் தட்டினேன். டி. பி. லி. டி. பிறகு எதை எதனோடு வைக்கக் கூடாது என்று, மேடம் சொன்ன அர்த்தத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் மூன்று இடத்தில் நின்றேன். நின்ற இடத்தில் தட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு மேலேயே பேசிவிட்டேனாம். அதிகாரி யாருடைய பேனாவையோ வாங்கி, ஒரு பைக் சீட்டில் பேப்பரை வைத்து, என் பெயருக்கு நேரே எழுதினார்.

திரும்பும் பஸ்

சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தேன். முத்துமாரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "ஏடி, அந்த ஆபீசர அம்புட்டு வெரட்டு வெரட்டுனியே. ஒரு எடத்துலகூடத் திக்கலையே" என்றாள்.

நான் சொன்னதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். மூன்று போங்க, ஒரு பெறகு. நான்கும் ப. அப்போது என் கை சும்மாதான் இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மொதல்ல வாய்தான் என்று மேனேஜர் அண்ணாச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அவரைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் வந்துவிட்டார்.

"எங்கம்மா?"

முத்துமாரி வழக்கம்போல வாயைத் திறந்தாள். அவள் கையை அமுக்கினேன். உதடு ஒட்டுவதற்குள் தட்டினேன்.

"பு. துப். பட். டி. ரெண்டு."

கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்னொன்றைக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். மூன்றாவது தட்டிலேயே முத்துமாரி என்னைத் தாண்டிக் குதித்து, பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.